ஒன்பது குண்டுகளில் ஒன்று

என் வலது கையில், மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேலே, ஒரு பல் தடம் இருக்கிறது. மேல்வரிசைப் பற்கள் அத்தனையும் அழகாகப் பதிந்திருக்கும். நடுவில் மட்டும் ஒரு பல் இடம் காலி. கடித்தவள் தனகோட்டி. காலியாக இருக்கும் அந்தப் பல்லை உடைத்தவன் அவள் புருஷன் அரிகிருஷ்ணன். அரிகிருஷ்ணனை வெட்டியவன் யார் என்பது ஊருக்குத் தெரிய வேண்டும் என்றுதான் அவள் எங்கள் மியூசியத்துக்கு வந்தாள். வந்த இடத்தில் குறுக்கே நின்ற என்னைக் கடித்தாள்.

நான் பஷீர் அகமது. செஞ்சிக் கோட்டையடியில் இரண்டு அறையில் நடந்த ஒரு சின்ன மியூசியத்துக்குக் காவல்காரன். காவல்காரன் என்று பேர்தான். டிக்கெட் கிழிப்பது, பெருக்குவது, வௌவால் விரட்டுவது எல்லாம் நான்தான். உள்ளே இருந்ததெல்லாம் ஆளைக் கொல்லச் செய்த சாமான்கள். துருப்பிடித்த வாள், ஈட்டி முனை, பிடி இல்லாத கத்தி, வாய் பிளந்த சின்னப் பீரங்கி ஒன்று. மராட்டியன், மொகலாயன், நவாப், பிரெஞ்சுக்காரன், இங்கிலீஷ்காரன் என்று ஆளுக்கு ஆள் வந்து இந்த மலையடியில் வெட்டிக்கொண்டு செத்திருக்கிறார்கள். ஒரு முற்றுகை எட்டு வருஷம் நடந்ததாம். எட்டு வருஷம்! ஒரு பிள்ளை பிறந்து பள்ளிக்கூடம் போகிற காலம். பார்க்க வருகிறவர்களுக்கு அதெல்லாம் எங்கே தெரிகிறது? தேசிங்கு ராஜாவின் குதிரை லாடம் இருக்கிறதா என்று கேட்பார்கள். இல்லை என்றால் டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்பார்கள். சிலதுகள் சுவரில் காதலி பெயரைக் கீறும். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் நிற்கும். கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியிருக்கிறேன். என் மனைவி முன்னி சொல்வாள், "உங்கள மாதிரி ஆள நம்பி கத்தி ரூம்பு சாவியக் குடுத்திருக்காங்களே, அவங்கள சொல்லணும்."

முதல் அறையில் ஒரு சிமெண்டு மேடை. அதன் மேல் ஒன்பது கல் குண்டுகள் வரிசையாக இருந்தன. அந்தக் காலத்துப் பீரங்கிக் குண்டுகள். உரித்த தேங்காயைவிடப் பெரியது, இரண்டு கையால்தான் தூக்க முடியும். எட்டு குண்டுகள் கோட்டை அகழியில் மண் எடுத்தபோது கிடைத்தவை. ஒன்பதாவது எண்பத்தைந்தில் ஜீப்பில் வந்தது. அதுதான் தனகோட்டி ஊர்ச் சாமி.

ஊர் அவலூர்பேட்டை ரோட்டில் உள்ளே தள்ளி இருக்கிறது. கேஸ் நடந்த ஊர், பெயர் வேண்டாம். கோட்டைச் சண்டையில் பறந்து போய் அந்த ஊர்ப் பங்காளிகளில் ஒருவனைக் கொன்ற குண்டு என்று சொல்வார்கள். கொன்ற குண்டையே எடுத்து, செத்தவன் நினைவாகக் குண்டு வீரன் என்று பெயர் வைத்துக் கும்பிட்டார்கள். ஆடு வெட்டி அந்த ரத்தத்தை அதன் மேல் ஊற்றுவார்கள். எண்ணெய், மஞ்சள், சந்தனம், குங்குமம் என்று காலங்காலமாகப் பூசிப் பூசி அது ஒரு சட்டிப் பானை அளவுக்கு ஊதிப் போயிருந்தது. பொம்பளைகள் தொடக் கூடாது. திருட்டு, அடிதடி, பொம்பளை விவகாரம் என்று எது வந்தாலும் அந்த ஊரில் ஒரே வழக்கம்தான். குளித்து, ஈரத்துணியோடு வந்து, குண்டு வீரன் மேல் கை வைத்துச் சொல்ல வேண்டும். பொய் சொன்னவன் ரத்தம் கக்கிச் சாவான். கை வைத்து ஒருவன் சொல்லிவிட்டால் அதற்கு மேல் ஊரில் பேச்சே கிடையாது. போலீஸ், கோர்ட்டு எல்லாம் அப்புறம்.

ஜீப்பில் வந்ததை எங்கள் ஆபீசர் என்னிடம் கொடுத்து, "பஷீர், இத சுத்தமா கழுவி வைய்யா, வாடை தாங்கல" என்றார். நான் அரப்பும் சோடாவும் போட்டுத் தேய்த்தேன். கறுப்பும் சிவப்புமாகத் தண்ணீர் ஓடியது. பாய் ஒருத்தன் இந்து சாமிக்குச் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டுகிறான் என்று எதிரே டீக்கடையில் ஒரே சிரிப்பு. கடைசியில் சாம்பல் நிறத்தில் ஒரு சாதாக் கல் வந்தது. மற்ற எட்டோடு வைத்தேன். முன்னால் ஊர்ப் பெயர் எழுதிய அட்டை ஒன்றை ஆபீசர் நிறுத்தினார். அவ்வளவுதான்.

அடுத்த அமாவாசைக்குத் தனகோட்டி வந்தாள். டிக்கெட் வாங்கவில்லை. நேரே உள்ளே போய் மேடை முன்னால் உட்கார்ந்து கற்பூரத்தைக் கொளுத்திவிட்டாள். நான் பாய்ந்து போய்க் கற்பூரத்தைச் செருப்பால் மிதித்து அணைத்தேன். "ஏம்மா, இது இன்னா உங்க வூட்டு பூசை ரூம்பா? எழுந்திரு!" என்று கையைப் பிடித்து இழுத்தேன். அப்போதுதான் கடித்தாள். சும்மா இல்லை, நாய் கடிக்கிற கடி. நான் அவள் கன்னத்தில் ஒன்று வைத்தேன். அவள் விடவில்லை. ரத்தம் சொட்டச் சொட்ட அவளை வாசல் வரை இழுத்துக்கொண்டு வந்தேன். இல்லை, அவள் பல்லால் என்னை இழுத்துக்கொண்டு வந்தாள் என்றும் சொல்லலாம்.

"இரு, போலீச கூப்புடறேன்" என்று கத்தினேன்.

"கூப்புடு பாய்," என்றாள். வாயெல்லாம் என் ரத்தம். "போலீசு என்ன ஏற்கெனவே பாத்திருக்குது. எங்க வூட்டுக்காரர வெட்டிக் கெணத்துல போட்டான் எங்க மூத்தாரு. குடிச்சிட்டு வுழுந்து செத்துட்டான்னு எழுதிட்டாங்க. இன்னொரு வாட்டி வரட்டும்."

வாசலில் புங்க மரம். அதன் கீழே அவள் உட்கார்ந்தாள். நான் கையில் துணி சுற்றிக்கொண்டு எதிரே நின்றேன். அவள் கதையை அன்றைக்குத்தான் கேட்டேன்.

அவளுக்குப் பிறந்த ஊர் வல்லம் பக்கம். கடலைக்கொடி பிடுங்கப் போன இடத்தில் பார்த்து அரிகிருஷ்ணனுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். பிள்ளை இல்லை. அதற்கும் அடி, குழம்பில் உப்பு கூடினால் அடி, குறைந்தால் அடி. பல்லை உடைத்தது ஒரு ஆடிப் பதினெட்டு அன்று. "எதுக்கு ஒடச்சான்?" என்று கேட்டேன். "அவருக்கே தெரியாது பாய்," என்றாள்.

மூத்தார் என்று அவள் சொன்னது புருஷனின் அண்ணன் கன்னியப்பனை. அவனுக்கும் தம்பி அரிகிருஷ்ணனுக்கும் ஒரே கிணறு, ஒரே மோட்டார். இன்றைக்கு அண்ணன் முறை என்றால் நாளைக்குத் தம்பி முறை. அந்தக் கோடையில் கரண்ட் எப்போது வரும் எப்போது போகும் என்று ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். தம்பி முறையன்று கரண்டே வரவில்லை. மறுநாள் வந்தது, அது அண்ணன் முறை. கடலை பூ விட்டுக் காய்ந்துகொண்டு நிற்கிறது. அரிகிருஷ்ணன் போய் மோட்டாரைப் போட்டுவிட்டான். மத்தியானம் தனகோட்டி கஞ்சி எடுத்துக்கொண்டு போனாள். வாய்க்காலில் தண்ணீர் செம்மண் கரைத்த மாதிரி வந்தது. மடை உடைத்துக்கொண்டதோ என்று நினைத்துக்கொண்டே மேலே நடந்தாள். கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தாள். கோடைக் கிணற்றில் இருந்த கொஞ்சத் தண்ணீரில் புருஷன் குப்புறக் கிடந்தான். கழுத்திலிருந்து தாடை வரை பிளந்திருந்தது. மோட்டார் பாட்டுக்கு அவன் ரத்தத்தை இறைத்துக் கடலைக்குப் பாய்ச்சிக்கொண்டிருந்தது.

வரப்பில் கன்னியப்பன் போவதை அவள் பார்த்தாள். கையில் கொடுவாள். துணியில் துடைத்துக்கொண்டே போனான். பார்த்தவள் அவள் ஒருத்திதான்.

"வுழுந்து படிக்கல்லுல அடிபட்டான்னு சொன்னாங்க. அப்பறம் கொஞ்ச நாளு கழிச்சி, நாந்தான் தள்ளிட்டேன்னு ஊரு பூரா சொல்லிட்டாரு எங்க மூத்தாரு. தெனம் அடி வாங்குனவ தள்ளாம இருப்பாளான்னு கேக்கறாங்க. அடிச்சாருதான் பாய். என்ன அடிச்சதுக்கு நான் கேக்கணும். இவன் யாரு வெட்டறதுக்கு?"

கருமாதி அன்று பந்தலில் எல்லார் முன்னாலும் அவள் எழுந்து நின்றாள். கன்னியப்பன் மாமா குண்டு வீரன் மேல் கை வைத்துச் சொல்லட்டும், சொல்லிவிட்டால் நான் ஊரை விட்டே போய்விடுகிறேன் என்றாள். ஊர்ப் பெரியவர்கள் வரும் அமாவாசை என்று நாள் குறித்தார்கள். நடுவில்தான் எங்கள் ஆபீசர் ஜீப்பில் ஊர் ஊராகப் போய், கோட்டைச் சாமான் எதுவும் இருந்தால் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார். எந்த ஊரிலும் ஒரு செங்கல்கூடக் கொடுக்கவில்லை. குண்டு வீரனுக்குப் பூசை பண்ணுகிற கன்னியப்பன் மட்டும் சாமியையே தூக்கிக் கொடுத்துவிட்டான். கவர்மெண்டு கேட்டால் கொடுக்காமல் முடியுமா என்று ஊரில் சொல்லிவிட்டான். சாமி இருந்த இடத்தில் ஒரு சூலத்தை நட்டான். சூலத்தின் மேல் யாரும் கை வைத்துச் சொன்ன வழக்கம் இல்லை. எப்பேர்ப்பட்ட எமகாதகன் பாருங்கள்!

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கையும் எரிந்தது. "எந்தக் குண்டு உங்களுதுன்னு தெரியுமா?" என்று கேட்டேன்.

அவள் முழித்தாள். அவள் மட்டும் இல்லை, அந்த ஊரில் ஒருத்தருக்கும் தெரியாது. பிறந்ததிலிருந்து மஞ்சளும் எண்ணெயும் அப்பிய சாமியைத்தான் பார்த்திருக்கிறார்கள். உள்ளே இருந்த கல்லை யார் பார்த்தது? அதன் முகத்தை முதலில் பார்த்தவனே நான்தான். எனக்கும் அட்டையை வைத்துத்தான் அடையாளம்.

அதற்குப் பிறகு அமாவாசை தவறாமல் வந்தாள். டிக்கெட் வாங்கிக்கொண்டு, கற்பூரம் இல்லாமல், கையைக் கட்டிக்கொண்டு மேடை முன்னால் நிற்பாள். நான் தடுக்கவில்லை. ஒருமுறை நெற்றி கிழிந்து வந்தாள், குழாயடியில் கன்னியப்பன் ஆட்கள் குடத்தால் அடித்தார்களாம். ஒருமுறை முழங்கைக்குக் கீழே தோல் வெந்து சீழ் பிடித்திருந்தது. கூரையைக் கொளுத்திவிட்டார்கள், உள்ளே இருந்த தவிட்டுப் பானையைக் காப்பாற்றப் போய்ச் சுட்டுக்கொண்டாள். முன்னி எங்கள் வீட்டிலிருந்து மருந்து கொடுத்தனுப்பினாள். "வல்லத்துக்கே போயிடேம்மா, உசுரோடனாச்சும் இருப்ப" என்று நான் திட்டுவேன். "போனா நாந்தான் கொன்னன்னு ஆயிடும்" என்பாள். அவள் உயிருக்கு அந்த ஒரு சொல்தான் பாக்கி. கன்னியப்பன் வாயிலிருந்து, கை வைத்து, வர வேண்டும்.

எண்பத்தாறில் ஊராட்சித் தேர்தல் நடந்தது. கன்னியப்பன் தலைவராகிவிட்டான். அந்த வருஷம் மியூசியத்துக்கு வெள்ளையடித்தார்கள். வந்த ஆட்கள் எல்லாச் சாமானையும் வெளியே தூக்கிப் போட்டு, அடித்து முடித்து, திரும்ப உள்ளே வைத்தார்கள். அட்டைகளைக் கைக்கு வந்தபடி நிறுத்திவிட்டுப் போய்விட்டார்கள். ஒன்பது குண்டும் ஒரே அச்சு. நான் தலைதலையாக அடித்துக்கொண்டேன். அந்த அமாவாசைக்கு வந்த தனகோட்டியிடம் சொன்னேன்.

"கலந்துடுச்சா?" என்றாள்.

"கலந்துடுச்சும்மா. எதுன்னு இனிமே யாருக்கும் தெரியாது."

குண்டுகளை ஒவ்வொன்றாக விரல் விட்டு எண்ணினாள். "ஒம்போதுல ஒன்னா இருக்காரு இல்ல? எங்கயும் போயிடலியே?" என்று சொல்லிவிட்டுப் போய் பஸ் ஏறினாள்.

வெள்ளையடித்த கையோடு ஆபீசருக்கு ஒரு யோசனை வந்தது. மியூசியத்துக்குச் சாமான் கொடுத்தவர்களுக்கு ஒரு விழா எடுக்க வேண்டும், சால்வை போட வேண்டும், போட்டோ எடுத்துப் பேப்பருக்கு அனுப்ப வேண்டும். சாமான் கொடுத்தவன் என்று பார்த்தால் கன்னியப்பன் ஒருத்தன்தான். கன்னியப்பனுக்கு இரட்டைச் சந்தோஷம். சால்வைக்குச் சால்வை, அதோடு தனகோட்டி வாயை ஒரேயடியாக அடைக்கவும் வழி. ஊரில் சொல்லிவிட்டான், "அந்தப் பொம்பள கேட்டுட்டே இருக்கா இல்ல? விழா அன்னிக்கு எல்லாரும் வாங்க. மியூசியத்துலயே குண்டு வீரன் மேல கை வெச்சி சொல்றேன். அதோட அவ மூட்டையக் கட்டணும்."

விழாவுக்கு முந்தின நாள் மத்தியானம் தனியாக வந்தான். கஞ்சி போட்ட வேட்டி, கட்சிக் கரைத் துண்டு. குண்டு வரிசையை நிதானமாகப் பார்த்தான். ஊர்ப் பெயர் எழுதிய அட்டை எதற்கு முன்னால் இருக்கிறது என்று பார்த்தான்.

"பாய், அந்த அட்டைய எடுத்து, அதோ அந்தக் கடைசிக் குண்டு முன்னாடி வெச்சிடு."

"ஏன் தலைவரே?"

"போட்டோவுக்கு வெளிச்சம் அங்கதான் நல்லா இருக்குது."

எனக்கு விளங்கிவிட்டது. தன் சாமியை விட்டுவிட்டு வேறு ஏதோ ஒரு கல்லின் மேல் கை வைத்து, ஊரைக் கூட்டிப் பொய் சொல்லப் போகிறான். என் கையில் அந்தப் பல் தடம் நமநமவென்று அரித்தது. எனக்குச் சிரிப்புதான் வந்தது. வாய் விட்டுச் சிரித்தேன்.

"தாராளமா வெக்கிறேன். ஆனா தலைவரே, வெள்ளையடிச்சப்ப எல்லாம் கலந்துபோச்சி. அந்த அட்டைக்கும் அந்தக் குண்டுக்கும் சம்பந்தமே கெடையாது. நீங்க காட்டுற கடைசிக் குண்டே உங்க சாமியா இருந்தாலும் இருக்கும்."

அவன் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் எங்கே போனதோ. குனிந்து ஒவ்வொரு குண்டாக உற்றுப் பார்த்தான். வாழ்நாளெல்லாம் பூசை பண்ணிய சாமி, ஒரு அடையாளம் தெரியவில்லை. திடீரென்று என் சட்டையைக் கொத்தாகப் பிடித்துப் பீரங்கி மேல் சாய்த்தான். முதுகெலும்பு நொறுங்கிய மாதிரி வலி. கட்டைவிரல் என் தொண்டைக் குழியில் இறங்கியது.

"எதுன்னு சொல்லு. கழுவுனது நீதான? எதுன்னு சொல்லு!"

"தெரியாதுய்யா..."

"சாவடிச்சிடுவேன் பாய். ஒருத்தன வெட்டறது எனக்குப் புதுசு இல்ல."

அதைச் சொல்லும்போது அவன் கை எந்தக் குண்டின் மேலும் இல்லை, என் கழுத்தின் மேல்தான் இருந்தது. ஏதோ ஒரு குண்டைக் காட்டி இதுதான் என்று சொல்லியிருந்தால் விட்டிருப்பான். எனக்கு வீம்பு. உண்மையிலேயே எனக்குத் தெரியாது, தெரியாததை எப்படிச் சொல்வது? கண் இருட்டிக்கொண்டு வந்தபோது வாசலில் சுற்றுலா வந்த குடும்பம் ஒன்று டிக்கெட் கேட்டது. விட்டுவிட்டுத் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போனான்.

மறுநாள் லாரியில் ஊரே வந்து இறங்கியது. குண்டு மேடை இருந்த முதல் அறையிலேயே மைக் செட், நாற்காலி, ஆபீசர் தலைமை. நான் தொண்டையில் மப்ளர் சுற்றிக்கொண்டு மேடை ஓரத்தில் நின்றேன். கன்னியப்பனுக்குச் சால்வை போட்டார்கள். கைதட்டினார்கள். ஆபீசர் பாவம், ஒன்றும் தெரியாத மனுஷன். சிரித்துக்கொண்டே சொன்னார், "தலைவர், நீங்க குடுத்த குண்டு மேல கைய வெச்சி நில்லுங்க, போட்டோ எடுத்துடலாம்."

பின்வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

கன்னியப்பன் மேடைக்கு வந்தான். வலது கையை நீட்டினான். அட்டை வைத்த குண்டுக்கு ஒரு சாண் மேலே கை நின்றது. கடைத்தெரு ஸ்டுடியோக்காரன் காமிராவில் கண்ணை வைத்துக்கொண்டு, "கீழ சார்... இன்னும் கொஞ்சம்... தொடுங்க சார்" என்றான். கை இறங்கவில்லை. பக்கத்துக் குண்டுக்குப் போனது, அங்கேயும் நின்றது. வேர்வை அவன் மூக்கு நுனியிலிருந்து சொட்டியது. எந்தக் குண்டாவது தன் சாமி இல்லை என்று நிச்சயமாகத் தெரிந்திருந்தால் அதில் ஓங்கி அடித்தே பொய் சொல்லியிருப்பான். தெரியவில்லை. ஒன்பதில் ஒன்று அவனைக் கொல்லும், எது என்று தெரியாததால் ஒன்பதுமே கொல்லும். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம் வந்தது, ஏன் மறைக்க வேண்டும்?

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு தனகோட்டி வந்தாள். கோட்டையடிச் செட்டிகுளத்தில் முழுகிவிட்டு நேரே வந்திருக்கிறாள். புடவையிலிருந்து தண்ணீர் தரையெல்லாம் சொட்டியது. யாரையும் பார்க்கவில்லை. முதல் குண்டின் மேல் கையை வைத்தாள். பொம்பளைகள் கூட்டத்தில் "ஐயோ, தொட்டுட்டாளே" என்று ஒரு குரல் எழுந்து அடங்கியது.

"எங்க வூட்டுக்காரர நான் கொல்லல. கொன்னிருந்தா இங்கயே ரத்தம் கக்கிச் சாவணும்."

அடுத்த குண்டு. அதே சொல். அடுத்தது. ஒன்பது குண்டிலும் கை வைத்து ஒன்பது முறை சொன்னாள். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. முடித்துவிட்டு நகர்ந்து நின்றாள்.

"நீங்க வைங்க மாமா."

கன்னியப்பன் அவள் வயிற்றில் எட்டி உதைத்தான். சுருண்டு விழுந்தவளை முடியைப் பிடித்துத் தூக்கி, சிமெண்டு மேடை விளிம்பில் முகத்தை மோதினான். ஒரு முறை. இன்னொரு முறை. மூக்கு உடைந்த சத்தம் மைக்கில் கேட்டது. ஆபீசர் நாற்காலியோடு பின்னால் சாய்ந்து விழுந்தார். ஊர்க்காரன் ஒருத்தன் நகரவில்லை, தலைவர் ஆயிற்றே! நான் பாய்ந்தேன். முழங்கையால் ஒரு இடி விட்டான், என் வாயில் ரத்தம். தனகோட்டி தவழ்ந்து மேடையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். முகம் முழுக்க ரத்தம், ஒரு கண் மூடிவிட்டது. திரும்பவும், "வைங்க மாமா" என்றாள்.

அவனுக்கு வெறி தலைக்கேறிவிட்டது. கைக்குக் கிடைத்த குண்டை இரண்டு கையாலும் தூக்கித் தலைக்கு மேலே ஓங்கினான்.

"ஆமாண்டி! நாந்தாண்டி வெட்டனேன்! என் மொறையில வந்து மோட்டாரு போட்டான், வெட்டனேன்! நீ இன்னாடி பண்ணிடுவ? உன்னயும் அவன் போன எடத்துக்கே..."

அங்கே நின்றுவிட்டான். கூட்டம் பூராவும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தது. அவனும் மேலே பார்த்தான். தன் இரண்டு உள்ளங்கையும் அழுந்தக் குண்டைப் பிடித்திருப்பதை அப்போதுதான் கண்டான். விரல் விட்டுப் போயிற்று. குண்டு தோளில் இடித்துக்கொண்டு அவன் பாதத்தில் விழுந்தது. எலும்பு நொறுங்கியது எனக்குக் கேட்டது.

செல்லப்பன் என்று அவர்கள் பங்காளிகளில் மூத்தவர் முன்வரிசையில் இருந்தார். எழுந்து, "கை வெச்சி சொல்லிட்டான்டா," என்றார். அவ்வளவுதான், அதுவரை சிலை மாதிரி நின்ற ஊர் அவன் மேல் விழுந்தது. நாற்காலியால் அடித்தார்கள், செருப்பால் அடித்தார்கள், அவனுக்குப் போட்ட சால்வையாலேயே கழுத்தை இறுக்கினார்கள். நேற்று என் தொண்டையை நெரித்தவன். அடிக்கட்டும் என்று விட்டுவிடலாம் என்றுதான் தோன்றியது. தரையில் கிடந்த தனகோட்டிதான் என் காலைப் பிடித்து உலுக்கினாள்.

"சாவ வுடாத பாய். போலீசுலயும் சொல்லணும் அவரு."

கூட்டத்துக்குள் நுழைந்து அடி வாங்கிக்கொண்டு அவனை அக்குளில் பிடித்து இழுத்தேன். இரண்டாவது அறைக்குள் தள்ளித் தாழ்ப்பாள் போட்டேன். வாளும் ஈட்டியும் இருக்கிற அறை. உள்ளே அவன் அழுவது போலீஸ் வரும் வரை கேட்டுக்கொண்டிருந்தது. கதவுக்குக் குறுக்கே நான் நின்றேன். இடித்தார்கள், கல்லால் எறிந்தார்கள். திறக்கவில்லை.

கோர்ட்டில் ஊரே வந்து சாட்சி சொன்னது. அவன் வக்கீல் கெட்டிக்காரன், எல்லாரையும் புரட்டிப் பார்த்தான். ஒருத்தர் மாறவில்லை. குண்டு வீரன் மேல் கை வைத்துச் சொன்னதை இல்லை என்று சொல்ல அந்த ஊரில் எவனுக்குத் தைரியம் வரும்? கன்னியப்பன் ஜெயிலுக்குப் போனான், ஒரு காலை இழுத்துக்கொண்டே. அவன் பிடுங்கி வைத்திருந்த நிலமும் கிணற்று முறையும் தனகோட்டிக்குத் திரும்பக் கிடைத்தன. ஊரார் சேர்ந்து கூரை போட்டுக் கொடுத்தார்கள். கொளுத்திய அதே கைகள்தான். மூக்கு கொஞ்சம் கோணலாகச் சேர்ந்துவிட்டது.

விழா முடிந்த மறுநாளே ஆபீசர், "பஷீர், ரத்தத்தக் கழுவிடுய்யா, பாக்கவே முடியல" என்றார். மேடையையும் ஒன்பது குண்டையும் கழுவினேன். எனக்கென்ன, கழுவிப் பழகிய கைதானே! கழுவியதும் அவன் தூக்கிய குண்டு எது என்பதும் போய்விட்டது. சாமியைத் திருப்பிக் கொடுங்கள் என்று ஊர்க்காரர்கள் வந்து நின்றார்கள். எது என்று சொன்னால் மேலே எழுதிக் கேட்கிறேன் என்றார் ஆபீசர். அவர்கள் பார்த்தார்கள், தலையைச் சொறிந்தார்கள், போய்விட்டார்கள்.

ஒரு வருஷம் கழித்துத் தனகோட்டி வந்தாள். அமாவாசை இல்லை, சாதாரண நாள். கடலை விற்கச் செஞ்சிக்கு வந்தவள், உலர்ந்த புடவையில், டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே வந்தாள். முன்னிக்கு ஒரு முறம் பச்சைக் கடலை கொண்டு வந்திருந்தாள். குண்டு மேடை முன்னால் நிற்பாள் என்று பார்த்தேன். நிற்கவில்லை, தாண்டிப் போனாள்.

"எதுன்னு தெரிய வேணாமா உனக்கு?" என்று கேட்டேன்.

"எதுவா இருந்தா இன்னா பாய்? அவரு வாயால வந்துடுச்சி, போதும்."

இரண்டாவது அறைக்குப் போனாள். இத்தனை நாள் வந்தும் அந்த அறையை அவள் பார்த்ததே இல்லை. வாள்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒன்றின் முனையில் பல் விழுந்திருந்தது, அதன் முன்னால் வெகு நேரம் நின்றாள்.

"இதால எத்தினி பேர வெட்டியிருப்பாங்க?"

"யாரு எண்ணுனா? எட்டு வருசம் சண்ட. ஆயிரம் ஆயிரமா செத்தாங்க."

"அவங்கள எவன் வெட்டுனான்னு, அவங்க பொண்டாட்டிங்களுக்கு யாருனா வந்து சொன்னாங்களா பாய்?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. பதில் தெரியாத கேள்வி கேட்டால் எனக்குக் கோபம்தான் வரும். "மூடற நேரமாச்சி, அவலூர்பேட்ட பஸ்ஸு போயிடப் போவுது, கெளம்பும்மா" என்று கத்தினேன். அவள் கிளம்பவில்லை. அடுத்த வாளுக்கு நகர்ந்தாள், அதற்கடுத்த ஈட்டிக்கு. நான் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, அவள் பார்த்து முடிக்கும் வரை வாசலிலேயே நின்றேன்.